சாக்குக்கு ஒரு கிலோ, மண்ணுக்கு ஒரு கிலோ

வெள்ளியம்பட்டில் பதினோரு பிள்ளைகளின் உடம்பிலிருந்து ஆளுக்கு இரண்டு கிலோ ஆகாயத்திலேயே தங்கிப்போன அந்த வருஷம் மல்லாட்டை நல்ல விளைச்சல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் விளைச்சல் இல்லாதிருந்தால் தணிகாசலம் அத்தனை மூட்டை எடை போட்டிருக்க மாட்டார், அத்தனை மூட்டை எடை போடாதிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கை அப்படி எழுதியிருக்காது, கை அப்படி எழுதாதிருந்தால் அவர் பெற்ற மகள் சங்கவி போன எடைக்கே திரும்பி வந்து, மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போல ஒரு பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு, ஒரு வாரம் பெருமையடித்துவிட்டு மறந்தும் போயிருப்பாள். மற்றவர்களுக்கெல்லாம் நிலக்கடலை, அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது மல்லாட்டை.

தணிகாசலம் மண்டியில் எடை போடுகிறவர். முப்பது வருஷமாக ஒரே மண்டி, ஒரே மூலை, தராசு மட்டும் இரண்டு முறை மாறியது. மூட்டை தராசில் ஏறும், சிவப்பு எழுத்தில் நாற்பத்திரண்டு என்று காட்டும், அவர் வாய் நாற்பது என்று கூவும், கை நாற்பது என்று எழுதும். சாக்குக்கு ஒரு கிலோ, மண்ணுக்கு ஒரு கிலோ. விவசாயி முணுமுணுப்பான், மண்டிக்காரர் வரதப்பன் வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் பார்ப்பார், ஏனென்று கேட்டால் வழக்கம் என்பார். முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லக் கூடாது, லாபம் என்றுதான் தொடங்க வேண்டும் என்பதும் வழக்கம். லாபம், ரெண்டு, மூணு என்று தணிகாசலம் இழுத்துக் கூவுவது பஸ் நிறுத்தம் வரை கேட்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தராசுப் பழக்கம் அதைவிடப் பொல்லாதது என்பதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு விமான ஓடுதளம் கிடந்தது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் அவசர அவசரமாகப் போட்டானாம், ஒரு விமானம் இறங்குவதற்குள் சண்டையே முடிந்துவிட்டதாம். அதன் பிறகு அது ஊருக்குக் களமாயிற்று. மல்லாட்டை காயப்போட, எள் தட்ட, கல்யாணம் நிச்சயமான பையன்கள் மோட்டார் சைக்கிள் பழக, தேர்தலுக்குத் தேர்தல் பந்தல் போட என்று எல்லாவற்றுக்கும் அதுதான் இடம், அதன் பெயர் பிளேன் களம். அங்கே மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ஒரு பிளேன் வந்து இறங்கியபோது, காயப்போட்டிருந்த கடலையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தோடு நின்று பார்த்தார்கள்.

இளஞ்சிறகு என்று ஒரு குழு. விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து, பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளை ஊர் ஊராகப் போய்ச் சும்மா ஏற்றி, இருபது நிமிஷம் சுற்றிக் காட்டி இறக்கிவிடுகிறவர்கள். ஒரு பைசா வாங்குவதில்லை. இவர்களுக்கு இதில் என்ன ஆதாயம் என்று ஊர் மூன்று நாள் யோசித்தும் விடை கிடைக்கவில்லை. ஓட்டி வந்தவர் கேப்டன் வசுமதி, நாற்பத்தைந்து வயதுக்காரி, கழுத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்க, கையில் ஒரு கட்டுத் தாளோடு இறங்கினார். தாளில் பிள்ளையின் பெயர், வயது, எடை, பெற்றவர் கையெழுத்து. சின்ன விமானம், எடை சரியாகத் தெரியாமல் யாரையும் ஏற்ற மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டு, கொண்டு வந்த எடை மெஷினை எடுத்துப் பார்த்தால், அது வரும் வழியில் குலுங்கிச் செத்துப் போயிருந்தது.

"எங்க மண்டித் தராசு இருக்குதே மேடம்" என்றார் தணிகாசலம். ஒரு பெரிய உதவி செய்த நினைப்பு அவருக்கு. சரக்கு ஆட்டோவில் தராசு வந்தது, வேப்பமரத்தடியில் இறங்கியது, அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். வரிசையில் முதலாவதாக நின்றவள் அவருடைய சங்கவி. பதிமூன்று வயது, இரண்டு சடை, இரண்டிலும் சிவப்பு ரிப்பன். தராசில் ஏறி நின்றாள், முப்பத்தெட்டு என்று சிவப்பு எழுத்து காட்டியது, அவர் "லாபம்" என்று கூவினார், கூட்டம் சிரித்தது, கை முப்பத்தாறு என்று எழுதியது. அப்படியே பதினோரு பிள்ளைகள். மாலை நான்கு மணிக்குக் காற்று கிளம்பி மண்ணை வாரி அடித்ததால் மற்றவர்களை ஆவணியில் வந்து ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேப்டன் பறந்து போனார். ஏறிய பதினோரு பேரும் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார்கள், ஏறாதவர்கள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

மறுநாள் மண்டிக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டு வந்த சங்கவி வழக்கம்போலத் தராசில் ஏறி விளையாடினாள். முப்பத்தாறு. தணிகாசலம் தராசைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். முப்பத்தாறு. கையில் இரண்டு கிலோ எடைக்கல்லைக் கொடுத்து ஏறச் சொன்னார். முப்பத்தெட்டு. அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

சாயங்காலத்துக்குள் பதினோரு வீட்டிலும் தெரிந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண்ணை விரித்துப் பார்த்தார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையைத் தின்ற பிறகும் அதே எடை. முட்டை, கேழ்வரகுக் களி, ஆட்டுக்கால் ரசம் என்று ஊட்டினார்கள், ஊட்டியது போய்ச் சேரும் இடத்துக்குச் சேர்ந்தது, ஆனால் இரண்டு கிலோ இடைவெளி மட்டும் அப்படியே நின்றது. கேப்டனுக்குப் போன் போட்டார்கள். அவர், பஸ் ஏன் தாமதம் என்று சொல்கிறவரைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"தாள்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் அண்ணா விமானம் கணக்குல வச்சிக்கும், அதைத்தான் இறக்கிவிடும். எங்க குழுவுல இதுவரைக்கும் இப்படி ஆனதில்லை. ஆனா எடையைக் குறைச்சு எழுதினவங்களும் யாரும் இருந்ததில்லை."

போனை வைத்த கையோடு சங்கவியின் அம்மா அஞ்சலாட்சி புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, பேசினால் மண்டித் தராசு மாதிரி இரண்டு கழித்துப் பேசுகிறவளும் இல்லை.

"ஏன்யா கழிச்ச?"

"தெரியலடி. கை எழுதிடுச்சி."

"சாக்கா அவ? மண்ணா? பொறந்தப்ப என் புள்ள ரெண்டு கிலோதான்யா. நர்ஸம்மா தேறாதுன்னாங்க. உள்ளங்கையில வச்சி மூணு மாசம் நீதான தூங்காம கெடந்த? மீதி முப்பத்தாறும் சோறும் குழம்பும். நாம குடுத்தது அந்த ரெண்டு கிலோதான். அதப் போயி கழிச்சி எழுதியிருக்கியே."

அன்றைக்கு அவள் சொன்னதைத் தணிகாசலத்தால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எத்தனையோ ஆயிரம் மூட்டையில் கழித்திருக்கிறார், ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அதற்கெல்லாம் சேர்த்து இப்போது கெட்டது.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. மழை விட்டதும் மாடு அவிழ்க்கப் போனவர்கள் ஓடி வந்து சொன்னார்கள், பிளேன் களத்தில் பதினோரு இடத்தில் மழை படவில்லை என்று. ஊரே போய்ப் பார்த்தது. நனைந்து கறுத்த தளத்தின் மேல், முறத்தளவு அகலத்தில், பதினோரு உலர்ந்த வட்டங்கள். நடந்து பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வழியாகப் பறந்த காக்கைகள், குழந்தைகள் விளையாடும் தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் ஒதுங்குவதுபோல, சற்று ஒதுங்கிப் பறந்தன. நான்கு மணி ஆனபோது மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் கேட்கிற சிரிப்பு, அதைவிட மெலிசாக.

ஒரு வாரம் எல்லாரும் பயந்தார்கள், இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள். வட்டங்களைச் சுற்றி யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். எந்த வட்டம் யாருடைய பிள்ளை என்பதில் தாய்மார்களுக்குள் முதலில் சண்டை வந்தது, பிறகு அவரவர் சிரிப்பை அவரவர் அடையாளம் கண்டு பிரித்துக்கொண்டார்கள். கடலை காயப்போடுகிறவர்கள் வட்டங்களை விட்டுவிட்டுக் காயப்போட்டார்கள். பூசாரி பதினோரு சூடம் ஏற்றினார். அடுத்த தேர்தலில் நிற்க இருந்தவர் "விண்ணில் வாழும் எங்கள் கண்மணிகளே" என்று பேனர் வைத்தார், அதில் பிள்ளைகளின் படத்தைவிட அவர் படம் பெரிதாக இருந்தது. வானத்தில் அந்த இடம் நம் ஊராட்சி எல்லைக்குள் வருமா, பக்கத்து ஊராட்சிக்குப் போகுமா என்று கிராம சபையில் ஒரு மணி நேரம் பேசி, காற்றடித்தால் நகருமா என்பது தெரியாததால் ஒத்திவைத்தார்கள்.

பிள்ளைகளிடம் என்ன குறைந்தது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. கிளியம்மாவின் மகன் துரைக்கண்ணு, கிணற்றை எட்டிப் பார்க்கவே நடுங்குகிறவன், இப்போது பாலத்துக் கைப்பிடிச் சுவரில் நடந்தான். அடுத்த வீட்டுப் பையனோ, பாம்பைக் கையால் பிடிக்கிறவன், கரப்பான்பூச்சிக்கு அலறினான். ஒருத்தி பாட ஆரம்பித்தாள், ஒருத்தி பாட்டை நிறுத்தினாள். பதினோரு பேரும் நீளம் தாண்டுதலில் ஓரடி கூடுதலாகத் தாண்டுகிறார்கள் என்று பி.டி. வாத்தியார் கண்டுபிடித்து, மாவட்டப் போட்டியில் மூன்று கோப்பை வாங்கி வந்தார். அதன் பிறகு பேச்சே மாறிப்போனது. விமானத்தில் ஏறாத பிள்ளைகளின் அப்பாக்கள் ஒவ்வொருவராக மண்டிக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆவணியில நம்ம பையனுக்கு மூணா கழிச்சி எழுதிடு" என்றார்கள். ஏறிய பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து, "எங்க புள்ளைய இறக்கிக் குடு, இல்லன்னா நடக்கிறதே வேற" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யாருக்கு எதைச் சொல்வது என்று தெரியாமல் தணிகாசலம் இரண்டு தரப்புக்கும் தலையை ஆட்டினார்.

சங்கவிக்கு என்ன குறைந்தது? அவர் அவளை உற்று உற்றுப் பார்த்தார். நன்றாகத் தின்றாள், நன்றாகப் படித்தாள், அம்மாவோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டாள். ஒன்றே ஒன்றுதான். யார் கூப்பிட்டாலும் முதலில் அண்ணாந்து மேலே பார்ப்பாள், பிறகுதான் கூப்பிட்டவர் பக்கம் திரும்புவாள். "சங்கவி" என்பார் அவர். அவள் கண் வானத்துக்குப் போய், அங்கே ஏதோ கேட்டுவிட்டு வருவதுபோல வந்து, "என்னாப்பா?" என்பாள். அந்த ஒரு நொடி தணிகாசலத்தைக் கொன்றது. குறைந்தது இன்னதென்று தெரிந்தாலாவது டவுனுக்குப் போய் வாங்கிக் கொடுக்கலாம். தெரியாத பொருளை எந்தக் கடையில் கேட்பது?

"உனக்கு எதுனா ஒரு மாதிரி இருக்குதாம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்லப்பா. காத்து மட்டும் ஜில்லுனு இருக்குது."

அப்போது அக்னி நட்சத்திரம். மின்விசிறிகூட ஓடவில்லை.

ஆவணி நெருங்க நெருங்க அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவளை மறுபடி ஏற்றி அனுப்ப அவருக்குத் தைரியம் இல்லை. இன்னும் ஏதாவது அங்கே தங்கிவிட்டால்? அவளும் "நா எதுக்குப்பா, நான்தான் மேலயே இருக்கிறேனே" என்று சொல்லிவிட்டாள், அதைக் கேட்டு அஞ்சலாட்சி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகவே தானே போவது. ஐம்பத்திரண்டு வயதில் இளஞ்சிறகில் எப்படி ஏறுவது என்று கேப்டனிடம் போனில் கேட்டார். குழுவுக்கு உதவி செய்கிற தொண்டர்களுக்குக் கடைசியில் ஒரு சுற்று உண்டு என்றார் அவர். "அப்ப என்ன தொண்டர்னு எழுதிக்குங்க மேடம். இந்தத் தடவை எனக்கு ரெண்டு கிலோ கூடுதலாப் போட்டுக்குங்க, அத எறக்கிக்கினு வந்துடறேன்."

"இல்லாத எடையை எழுத மாட்டேன் அண்ணா. தராசு என்ன காட்டுதோ, அதுதான்."

தராசு என்ன காட்டுகிறதோ அதுதான். முப்பது வருஷம் தராசோடு குடித்தனம் நடத்தியவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைக்கு நடுவில் கல்லை வைத்துத் தைத்துக்கொண்டு வரும் கில்லாடிகள் எத்தனை பேரை அவர் பிடித்திருப்பார்! சாக்கைத் தடவிப் பார்த்தே, "ஏம்பா, கடலையோட கல்லும் வெளையுதா உன் கொல்லையில?" என்று கேட்டு ஊர் சிரிக்க வைத்தவர், மண்டியிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றை எடுத்து வந்து, பழைய துண்டில் சுற்றி, வேட்டி மடிப்புக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பார்த்துக்கொண்டார். தராசில் நிற்கும்போது கல் இருக்கும், தாளில் ஏறிவிடும். விமானத்தில் ஏறும்போது கல் இருக்காது. போகும்போது அறுபத்தெட்டு, தாளில் எழுபது. விமானம் தாளில் உள்ளதைத்தானே இறக்கும்? அந்த இரண்டு கிலோவுக்கு அது தன் மகளைத்தான் இறக்கியாக வேண்டும். அவர் போட்ட கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை.

ஆவணி இரண்டாம் ஞாயிறு கேப்டன் வந்தார். அன்று தணிகாசலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தராசு காட்டியதை அப்படியே எழுதினார், எழுதிய கையை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதினார். போன பிள்ளைகள் போன எடைக்கே திரும்பி வந்தார்கள். அதற்குப் பாதிப் பெற்றோர் கும்பிட்டார்கள், பாதிப் பெற்றோர் "எங்க புள்ளைக்கு மட்டும் ஒண்ணுமே கழிக்கலியே, நாங்க என்ன பாவம் பண்ணோம்" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டிவிட்டுப் போனார்கள். இறங்கிய பிள்ளைகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் அவர் முறை வந்தது. எடை போடுகிறவரை எடை போட ஆள் இல்லை. "நா எழுதறேன்ப்பா" என்று சங்கவி வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். அவர் தராசில் ஏறினார். இடுப்பில் கல் குளிர்ந்தது, கூட்டம் முழுவதும் தன் வயிற்றையே பார்ப்பதாகத் தோன்றியது. எழுபது என்று சிவப்பு எழுத்து காட்டியது. சங்கவி முதலில் அண்ணாந்து மேலே பார்த்தாள், பிறகு எண்ணைப் பார்த்தாள், பிறகு அவர் இடுப்பைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குனிந்து எழுதி, தாளை மடித்துக் கேப்டனிடம் கொடுத்தாள். தணிகாசலம் ஒன்றுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு வந்து ஏறினார்.

விமானம் எழும்பியபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது கீழே மண்டி ஒரு தீப்பெட்டியளவு இருந்தது. பிளேன் களத்தில் சுண்ணாம்பு வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன, ஒரு வட்டத்தருகே சிவப்பாக ஏதோ, அஞ்சலாட்சியின் புடவையாக இருக்கும். "இங்கதான் அண்ணா" என்று கேப்டன் விமானத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பினார். அப்போது அவர் மடியில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

குனிந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. ஆனால் தொடைக்குத் தெரிந்தது. கைகளைக் கிண்ணம்போலக் குவித்து அதன் அடியில் கொடுத்தார். கைக்கும் தெரிந்தது. இரண்டு கிலோ. ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுகாதார நிலைய வராந்தாவில், துணியில் சுற்றி நர்ஸ் நீட்டியபோது, பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கை வாங்கிய அதே எடை. அன்றைக்கும் அவர் மனத்துக்குள் எடை போட்டார், கழிவு போக என்று வழக்கம்போல மனம் ஆரம்பித்தபோது, கழிப்பதற்கு இதில் எதுவுமே இல்லை என்று கண்டு வாய்விட்டு அழுதார்.

"வாடி தாயி, போலாம்" என்றார் தணிகாசலம்.

அது சிரித்தது. மடியில் ஒரு துள்ளு துள்ளியது. அதன் சிரிப்பைக் கேட்டு விமானத்தைச் சுற்றிலும் இன்னும் பத்துச் சிரிப்புகள் கேட்டன. விமானம் இறங்கத் தலை சாய்ந்ததும் மடி லேசாகத் தொடங்கியது. ஒன்றே முக்கால், ஒன்றரை, ஒன்று. அவர் இறுக்கிப் பிடித்தார். எதைப் பிடிப்பது? "மேடம், திருப்புங்க, திருப்புங்க" என்று கத்தினார், கேப்டனின் காதில் மாட்டியிருந்ததில் அது விழுந்ததோ இல்லையோ. மடி காலியானது. காலியான அந்த நேரத்தில், அவருக்குள்ளிருந்தும் ஏதோ ஒன்று, செருப்பு மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற ஆளைப் போல, அவசரமாக எழுந்து போனது. வலிக்கவில்லை. அழ வேண்டும் என்று நினைத்தார், அழுகை வரவில்லை, அது ஏன் வரவில்லை என்பதும் விளங்கவில்லை. காது மட்டும் ஜில்லென்று ஆனது.

இறங்கியதும் ஓடிப்போய்த் தராசில் ஏறினார். அறுபத்தாறு.

கேப்டனிடம் தாளை வாங்கிப் பார்த்தார். சங்கவியின் உருண்டையான எழுத்தில் அறுபத்தாறு. அவர் மகளை வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"எழுவதுன்னு காட்டுச்சே, அறுபத்தாறு எப்பிடி?"

"கல்லுக்கு ரெண்டு போச்சி."

"மீதி ரெண்டு?"

சங்கவி ரிப்பனைச் சுற்றிக்கொண்டே நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவளைப் போல இருந்தது, நிஜமாகவே தெரியாதவளைப் போலவும் இருந்தது.

"தெரியலப்பா" என்றாள். "கை எழுதிடுச்சி."

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் திட்டுவது? தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனவன் வாலையும் விட்டுவிட்டு நிற்கிறேனே என்று தலையில் கைவைத்து மரத்தடியில் உட்கார்ந்தார். கேப்டன் வசுமதி அவர் சட்டையில் ஒரு சின்னச் சிறகு பேட்ஜைக் குத்திவிட்டு, எல்லாத் தொண்டர்களுக்கும் சொல்வதுபோல நன்றி சொல்லிவிட்டு, விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்றைக்கு விமானத்துக்காக வந்த கூட்டம் கலைய நேரமானதால், நான்கு மணிக்குப் பாதி ஊர் களத்திலேயே இருந்தது. தாய்மார்கள் அவரவர் வட்டத்தருகே உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலாட்சி சங்கவியின் வட்டத்தருகே காலை நீட்டி உட்கார்ந்து, புருஷன் முகத்தைப் பார்க்காமல் கடலையை உடைத்து உடைத்துத் தின்றாள். மேலே சிரிப்புச் சத்தம் தொடங்கியது. ஓடுகிற சத்தம், ஒன்றையொன்று பிடிக்கிற சத்தம். கிளியம்மா வழக்கம்போல, "ராவுல இதுங்கள யாரு பாத்துக்கிறாங்களோ, யாரு கூப்பிட்டுப் படுக்க வைக்கிறாங்களோ" என்று மூக்கைச் சிந்தினாள். நான்கு மாதமாகப் பதினோரு தாய்மார்களும் தினம் அதையேதான் சொல்லி எழுந்து போனார்கள்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஆண் குரல், கொஞ்சம் கரகரப்பு, பஸ் நிறுத்தம் வரை கேட்கிற குரல்.

"லாபம்..."

சிரிப்பெல்லாம் சட்டென்று அடங்கியது. அஞ்சலாட்சியின் வாயில் கடலை நின்றது. எல்லாரும் திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார்கள். தணிகாசலம் வாயை இறுக மூடிக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு... மூணு... நாலு..."

மேலே கூவிய குரல் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்னச் சத்தம் பதில் சொன்னது, கூண்டுக்குத் திரும்புகிற கோழிக்குஞ்சு மாதிரி. துரைக்கண்ணுவின் எண் வந்தபோது கிளியம்மா நெஞ்சில் கைவைத்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. தாய்மார்கள் விரல் மடக்கிக்கொண்டே வந்தார்கள். "பத்து" என்ற பிறகு மேலே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஏதோ ஒன்று விளையாட்டு மும்முரத்தில் தூரமாகப் போயிருக்க வேண்டும். பிறகு தொலைவிலிருந்து ஒரு சிரிப்பு ஓடி வந்து சேர்ந்தது.

"பதினொண்ணு" என்றது குரல். கழிவு எதுவும் சொல்லவில்லை.

அஞ்சலாட்சி கடலைத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷன் முகத்தை நேராகப் பார்த்து, "சரி, வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று அப்பனையும் மகளையும் கூப்பிட்டாள். இரண்டு பேரும் முதலில் அண்ணாந்து மேலே பார்த்தார்கள், பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்கள்.